சடை வளர்க்கப் போகிறீர்களா? மண்டைத்தோலிலிருந்து தொடங்குங்கள்

சடை வளர்க்க ஆசைப்படுகிற பலர் செய்கிற முதல் வேலை, தலைக்குக் குளிப்பதை நிறுத்துவது. சடை என்றாலே எண்ணெய் காணாமல், தண்ணீர் படாமல் கிடந்து சிக்கிய தலை என்ற நினைப்பு நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. நடப்பது நேர்மாறு. பிசுக்கு ஏறிய முடி வழுக்கும், ஒன்றையொன்று பிடிக்காது. கழுவிக் காய்ந்து சற்றுச் சொரசொரப்பாக இருக்கும் முடிதான் பின்னிக்கொள்ளும். ஒவ்வொரு முடியிழையின் மேலும் மீன் செதில்போல ஓடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. சிக்கிய இழைகள் உராய உராய அந்தச் செதில்கள் மாட்டிக்கொண்டு இறுகுகின்றன. அப்படி இறுகியதுதான் சடை. அழுக்குக்கு அதில் எந்த வேலையும் இல்லை.

இந்தக் கட்டுரையில் சடை என்பது பின்னலைக் குறிக்காது. ட்ரெட்லாக்ஸ் என்று சலூனில் சொல்கிறார்களே, அதைத்தான் குறிக்கும். அதிலும் ஒட்டுமுடி, மெழுகு எதுவும் சேர்க்காமல் சொந்த முடியில் விழும் சடையைப் பற்றி மட்டும்தான் பேசப்போகிறோம். ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள். சடை பற்றிக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி ஆப்பிரிக்க வம்சாவளியினரின் இறுகிய சுருட்டை முடிக்காகச் சொல்லப்பட்டது. அந்தச் சுருள்களில் தோலில் சுரக்கும் எண்ணெய் நுனிவரை இறங்காது, முடி வறண்டுபோகும். அதனால் எண்ணெய் தடவு, ஈரப்பதம் கொடு என்பார்கள். நம்மில் பெரும்பாலோருக்கு நேர்முடி அல்லது அலைமுடி. எண்ணெய் தானாகவே இறங்கிவிடும், வெயிலும் வியர்வையும் வேறு. அந்த அறிவுரையை அப்படியே பின்பற்றினால் மண்டை பிசுபிசுக்கும், பொடுகு கிளம்பும், சடையும் விழாது.

தொடங்கும் முன்

முதலில் மண்டைத்தோலைப் பாருங்கள். நல்ல வெளிச்சத்தில், வீட்டில் ஒருவரை வகிடு வகிடாகப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பொடுகு, பேன், ஈறு, சீழ்க் கொப்புளம், புழுவெட்டு, தடித்த வெள்ளைச் செதில், இவற்றில் எது இருந்தாலும் அதைத் தீர்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். சடை விழுந்தபின் மருந்தைத் தோலுக்குக் கொண்டுபோவது கடினம், பேன் சீப்பு நுழையவே நுழையாது.

முடியின் நீளம் அடுத்தது. இறுகிய சுருட்டை முடிக்கு 5 செ.மீ. போதும். நேர்முடிக்குக் குறைந்தது 15 செ.மீ. வேண்டும், 20 இருந்தால் வேலை எளிது. சடை விழ விழ நீளம் சுருங்கும், மூன்றில் ஒரு பங்கு வரை குறையலாம். தோள் தொடும் முடி காது மட்டத்துக்கு ஏறிவிட்டதே என்று நாலாம் மாதத்தில் பதற வேண்டாம். முடி மாதம் ஒன்றுக்கு ஏறத்தாழ 1 முதல் 1.25 செ.மீ. வளரும், போன நீளம் திரும்ப வரும்.

பிரித்து விழவைப்பது

எதுவும் செய்யாமல் விட்டாலே சடை விழும். அப்படி விட்டால் எங்கே எவ்வளவு பருமனில் விழும் என்பது நம் கையில் இல்லை. பின்மண்டையில் கையகலத் தட்டையாக ஒன்றும், முன்னால் பென்சில் பருமனில் நாலும் விழலாம். சீராக வேண்டும் என்பவர்கள் பிரித்துத் தொடங்க வேண்டும். சீப்பால் நுனியிலிருந்து வேர்நோக்கிச் சிக்கேற்றும் முறை வேகமானது, ஆனால் இழைகள் அதிகம் முறியும். குரோஷே ஊசியால், அதாவது நூல் பின்னும் கொக்கி ஊசியால், குத்திக் குத்தி இறுக்கும் முறையில் அன்றே சடைபோலத் தெரியும். பழகாத கை குத்தினால் ஒவ்வொரு குத்துக்கும் இரண்டு இழை அறுந்துபோகும். நேர்முடிக்காரர்களுக்கு முறுக்கிப் பிரிக்கும் முறையைத்தான் பரிந்துரைப்போம். கை மட்டும் போதும், முடிக்கும் சேதம் குறைவு.

முந்தைய நாள் ஷாம்பு மட்டும் போட்டு நன்றாகக் கழுவுங்கள், கண்டிஷனர் வேண்டாம். முழுக்கக் காய்ந்தபின் மண்டையை 2.5 செ.மீ. சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கொத்தையும் தளர்வாகக் கட்டி வையுங்கள். சதுரங்கள் ஒன்றுக்கு நேர் கீழே ஒன்றாக வந்தால் மண்டையில் கோடு கோடாகத் தோல் தெரியும். சுவர் கட்டும்போது செங்கல் அடுக்குவார்களே, மேல் வரிசையின் இணைப்பு கீழ் வரிசைக் கல்லின் நடுவில் வருகிற மாதிரி, அப்படி மாற்றி மாற்றிப் பிரியுங்கள். சராசரி அடர்த்திக்கு 45 முதல் 60 கொத்து வரும்.

ஒரு கொத்தை எடுத்து நுனிப்பக்கம் ஒரு முறுக்கு முறுக்குங்கள். பிறகு அதைக் குத்துமதிப்பாக இரண்டாகப் பிரித்து, இரண்டு கையாலும் பக்கவாட்டில் விரித்து இழுங்கள். முறுக்கில் மாட்டிய இழைகள் குறுக்கும் நெடுக்குமாகச் சிக்கி மேலே, வேரை நோக்கி ஏறும். மறுபடி முறுக்கு, முன்பு பிரித்த இடத்தில் பிரிக்காமல் வேறு இடத்தில் பிரித்து இழு. இதையே திரும்பத் திரும்பச் செய்தால் 5 முதல் 10 நிமிடத்தில் கொத்து முழுவதும் சிக்கேறிவிடும். முழுத் தலைக்கு 6 முதல் 8 மணி நேரம் பிடிக்கும். ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

வேரோரம் 1 செ.மீ. விட்டுவிடுங்கள். மண்டைவரை சிக்கேற்றினால் தோல் இழுபடும். அன்றிரவு தலையணையில் தலை வைக்கும்போது சுருக்கென்று வலித்தால் அந்தக் கொத்து இறுக்கமாகிவிட்டது என்று அர்த்தம். வலியைப் பொறுத்துக்கொள்ளாதீர்கள், எழுந்து தளர்த்திவிடுங்கள். வேரில் ரப்பர் பேண்டு போட்டிருந்தால் ஓரிரு வாரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். நம் வெக்கையில் ரப்பர் இளகி முடியோடு ஒட்டிக்கொள்ளும், அல்லது அந்த இடத்தில் முடியை அறுத்துவிடும்.

மெழுகு பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறோம். சடை மெழுகு என்று விற்பதையும் தேன்மெழுகையும் தொடவே வேண்டாம். தேன்மெழுகு உருக 62 முதல் 64 டிகிரி வெப்பம் தேவை. தலையில் ஊற்றிக்கொள்ளும் எந்தத் தண்ணீரும் அந்தச் சூட்டில் இருக்காது. எனவே உள்ளே போன மெழுகு உள்ளேயே தங்கி, தூசியைப் பிடித்து, ஈரத்தையும் அடைத்து வைத்துக்கொள்ளும்.

கழுவுவது

முதல் கழுவலை 7 முதல் 10 நாள் தள்ளிப்போடலாம், சிக்கு கொஞ்சம் பிடித்துக்கொள்ளட்டும். ஒரு மாதம் காத்திருக்கச் சொல்லும் அறிவுரை குளிர்நாட்டுக்குச் சரி; சென்னை மே மாதத்தில் அப்படி இருந்தால் மண்டை அரித்து, நகத்தால் சொறிந்து புண்தான் மிஞ்சும். அதன்பின் வாரம் இரண்டு முறை. தினமும் வெயிலில் அலைபவர்கள் இடையில் வெறும் தண்ணீரால் ஒருமுறை அலசலாம். கழுவிய ஒவ்வொரு முறையும் முதல் சில மாதங்களில் கொஞ்சம் அவிழத்தான் செய்யும். அவிழ்ந்தது மறுபடி இன்னும் இறுகி விழும்.

ஷாம்பு நிறமில்லாததாக, கண்டிஷனர் சேராததாக இருக்கட்டும். பாட்டிலில் ‘மென்மை’, ‘பட்டுப்போன்ற பளபளப்பு’ என்றெல்லாம் போட்டிருந்தால் பெரும்பாலும் சிலிக்கோன் கலந்திருக்கும், முடி வழுக்கும். குளியல் சோப்பு கூடாது. மண்டைத்தோலின் பிஎச் அளவு 5.5 சுற்றுவட்டாரம், சோப்புக் கட்டியோ 9, 10 என்று காரத்தில் நிற்கும். அதைவிடப் பெரிய தொல்லை, போர்வெல் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளைப் பிசுக்காக மாறுவது. பாத்ரூம் பக்கெட்டின் உள்பக்கம் வளையமாகப் படிகிறதே, அதேதான். சடைக்குள் படிந்தால் தேய்த்து எடுக்க வழியில்லை. ஷாம்பு இப்படிப் பிசுக்காக மாறாது.

1. 10 மில்லி ஷாம்புவை 100 மில்லி தண்ணீரில் கலந்து, தள்ளுவண்டிக் கடையில் சாஸ் வைத்திருப்பார்களே, அந்தக் கூர்மூக்குப் பாட்டிலில் ஊற்றிக்கொள்ளுங்கள்.

2. தலையை இரண்டு நிமிடம் நனைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும்.

3. பாட்டில் மூக்கை சடைகளுக்கு இடையே தோலில் வைத்து, வரிசை வரிசையாகப் பீய்ச்சுங்கள். சடை மேல் ஊற்ற வேண்டாம்.

4. விரல் நுனியின் சதையால் தோலை அழுத்தி அசைத்துத் தேயுங்கள். நகம் படக்கூடாது, விரலைச் சடைவழியே கோதவும் கூடாது. காதுக்குப் பின்புறம், பிடரி, நெற்றியோரம் மூன்றும் பலர் மறக்கும் இடங்கள்.

5. அலசும்போது நுரை சடை வழியே இறங்கும், சடைக்கு அந்த நுரையே போதும். ஒவ்வொன்றாகப் பிழிந்து பிழிந்து விடுங்கள்.

6. நினைத்ததைவிட இரண்டு மடங்கு நேரம் அலசுங்கள்.

அலசி முடிந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை இருக்கிறது. இருப்பதிலேயே பருமனான சடை ஒன்றை எடுத்து, ஒரு கண்ணாடி டம்ளருக்குள் பிழியுங்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும். கழுநீர்போல மங்கலாக, ஓரத்தில் நுரைக்குமிழ் நின்றால் உள்ளே ஷாம்பு மிச்சமிருக்கிறது. காய்ந்தபின் அதுதான் வெள்ளைப் பொடியாக உதிர்ந்து, பொடுகு வந்துவிட்டதோ என்று பயமுறுத்தும்.

வீட்டில் உப்புத் தண்ணீர் என்றால் கடைசி அலசலுக்கு மட்டும் 2 லிட்டர் மழைநீரோ கேன் தண்ணீரோ எடுத்து வையுங்கள். மாதம் ஒருமுறை 500 மில்லி தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லி, ஆப்பிள் சைடர் வினிகர் கலந்து ஊற்றி, 2 நிமிடம் விட்டு அலசினால் படிந்த உப்பு கழன்று வரும். தோலில் புண் இருந்தால் எரியும், அப்போது வேண்டாம். சமையல் சோடா கரைசலில் சடையை ஊறவைக்கும் வழக்கம் ஒன்று உண்டு. சோடா காரம், செதில்களைத் தூக்கிவிட்டு முடியை நொறுங்க வைக்கும். பழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள்.

சீயக்காய் போடலாமா?

போடலாம், தூளாக மட்டும் கூடாது. சீயக்காய்த்தூள், அரப்புத்தூள், பயத்தமாவு எல்லாமே அவிழ்ந்த முடியில் அலசினால் போய்விடும், சடையில் போகாது. ஒரு சடையைப் பிளந்து பார்த்தால் உள்ளே தவிட்டு நிறத்தில் துகள் துகளாக அப்பிக்கிடக்கும். அதில் ஈரம் நின்றால் பூஞ்சைக்குத் தீனி.

கஷாயமாக்கி வடிகட்டிப் பயன்படுத்துங்கள். கொட்டை நீக்கிய பூந்திக்கொட்டை 8 முதல் 10, சீயக்காய் 5 அல்லது 6 நெற்று, இரண்டையும் ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் சிறுதீயில் 15 நிமிடம் கொதிக்கவிடுங்கள். ஆறியபின் கையால் பிசைந்து, நாலாக மடித்த ஈர வேட்டித் துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள். காப்பி வடிகட்டி போதாது, வண்டல் இறங்கிவிடும். அன்றே பயன்படுத்திவிடுங்கள், ஃபிரிட்ஜில் வைத்தாலும் 2 நாளுக்கு மேல் புளித்துவிடும். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு ஊற்றுங்கள்.

வெந்தயம், செம்பருத்தி இலை, கற்றாழை மூன்றும் முடிக்கு நல்லவைதான். ஆனால் அவற்றின் குணமே வழவழப்பு. சடை விழும் முதல் ஓராண்டில் அவற்றைத் தவிருங்கள்.

காயவைப்பது

சடை வளர்ப்பவர்கள் அதிகம் கோட்டைவிடும் இடம் இது. முடியிழை தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை தண்ணீரை உறிஞ்சும். அதற்கு மேல் இழைகளுக்கு நடுவில் தேங்கும் தண்ணீர் வேறு. வெளிப்புறம் காய்ந்த சடையின் நடுப்பகுதி மணிக்கணக்கில் ஈரமாக இருக்கும். அப்படியே கொண்டையிட்டுப் படுத்தால், இருட்டு, ஈரம், உடல்சூடு மூன்றும் சேர்ந்து பூஞ்சைக்கு வீடு கட்டிக் கொடுத்த கதையாகிவிடும்.

எனவே காலையில் கழுவுங்கள், பத்து மணிக்கு மேல் தள்ளாதீர்கள். இரவுக் குளியலில் தலையை நனைக்க வேண்டாம். தலையில் நீர் கோத்துக்கொள்ளும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் சடைக்காரர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும், நமக்குக் காரணம் வேறாக இருந்தாலும்.

தேங்காய்ப்பூத் துண்டு வேண்டாம். அதன் நூல்பிசிறு சடைக்குள் போனால் வெளியே வராது, கறுத்த சடையில் வெள்ளை வெள்ளையாக நிற்கும். துவைத்துத் துவைத்து இளைத்த பழைய வேட்டிதான் இதற்குச் சிறந்தது. தண்ணீரையும் இழுக்கும், பிசிறும் விடாது. ஒவ்வொரு சடையாக வேட்டியில் சுற்றி, வேரிலிருந்து நுனிவரை அழுத்திப் பிழியுங்கள். முறுக்க வேண்டாம். பிறகு விரித்துவிட்டு, வெயிலிலோ மின்விசிறிக்கு அடியிலோ இருங்கள். சுண்டுவிரல் பருமனுக்கு 4 மணி நேரம், கட்டைவிரல் பருமனுக்கு 6 முதல் 8 மணி நேரம் பிடிக்கலாம். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் ஹேர் டிரையரை மிதமான சூட்டில், அரையடி தள்ளிப் பிடித்துப் பயன்படுத்துங்கள், அதற்கும் வழியில்லாத நாளில் தோலை மட்டும் ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் கழுவலைத் தள்ளிப்போடுங்கள்.

காய்ந்துவிட்டதா என்பதைக் கை சரியாகச் சொல்லாது. சடையின் நடுப்பகுதியை மேலுதட்டில் அழுத்தி ஐந்து எண்ணுங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது.

சாம்பிராணிப் புகை காட்டுவது இதமானதுதான், மேல் ஈரத்தையும் எடுக்கும். ஆனால் அந்த மணம் பூஞ்சை வாடையை மூடிவிடும். முகர்ந்து பார்த்துத் திருப்தியானபின் புகை போடுங்கள். பூஞ்சை பிடித்த சடை, மழையில் நனைந்து மூலையில் கிடந்த சாக்குப்போல நாறும். காய்ந்திருக்கும்போது லேசாக, நனைந்ததும் தூக்கலாக. ஆரம்பநிலை என்றால், ஒரு பங்கு வினிகருக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து, தோலில் படாமல் சடையை மட்டும் அதில் 20 நிமிடம் ஊறவைத்து, பிழிந்து பிழிந்து அலசி, அன்று முழுக்க வெயிலில் காயவிடுங்கள். இரண்டு முறை செய்தும் வாடை திரும்பினால், அல்லது சடையின் நடுவில் சாம்பல் நிறப் பொடி தெரிந்தால், அந்தச் சடையை வெட்டிவிடுவதுதான் வழி. ஒன்று போனால் மற்றவை தப்பும்.

எண்ணெய்

எண்ணெய் மண்டைத்தோலுக்கு மட்டும், சடைக்கு இல்லை. கழுவுவதற்கு அரைமணி முன்பு, 5 முதல் 8 சொட்டு, விரல் நுனியில் தொட்டுத் தோலில் வையுங்கள். வறண்ட தோல்காரர்களுக்கு வாரம் ஒருமுறை, எண்ணெய்த் தோல்காரர்களுக்குத் தேவையே இல்லை. தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் சடைக்குள் வெள்ளையாகக் கட்டிப்போகும். பொடுகு இருக்கும்போது எந்த எண்ணெயும் வேண்டாம். பொடுகுக்குக் காரணமான மலாசீசியா என்ற ஈஸ்ட், தோலின் கொழுப்பைத் தின்றுதான் வாழ்கிறது. எண்ணெய் வைத்தால் செதில் அமுங்கிப் பொடுகு போனதுபோல் தெரியும், பூஞ்சை பெருகிக்கொண்டிருக்கும். தீபாவளியன்று அம்மா எண்ணெய் வைத்தே தீருவேன் என்றால் உச்சியில் ஒரு கை வைத்துக்கொள்ளுங்கள், குளிக்கும்போது ஷாம்புவை இரண்டு முறை போட்டு எடுத்துவிடலாம்.

வேரைப் பார்த்துக்கொள்வது

ஒவ்வொரு கழுவலுக்குப் பிறகும், முடி பாதி காய்ந்திருக்கும்போது, பக்கத்துப் பக்கத்துச் சடைகளை வேரிலிருந்து பிரித்துவிடுங்கள். இரண்டு சடையைப் பிடித்து மெதுவாக விலக்கினால் நடுவில் சிலந்தி வலைபோல இழைகள் நீளும். அவற்றில் பாதியை இந்தப் பக்கமும் பாதியை அந்தப் பக்கமும் சேர்த்துவிடுங்கள். வெடுக்கென்று கிழிக்க வேண்டாம். ஒரு மாதம் இதை மறந்தால் இரண்டும் ஒட்டி ஒன்றாகும். அப்படி ஒட்டியவற்றை வெட்டிப் பிரிக்க நேர்ந்தால் இரண்டின் வேரும் மெலிந்துபோகும்.

புதிதாக வளர்ந்த முடியை இறுக்க, சடையின் அடியை இரு விரலால் பிடித்து, தோலின்மேல் வட்டமாகப் பத்து சுற்று தேயுங்கள், வாரம் ஒருமுறை போதும். கொக்கியால் சடையின் நுனியை வேர் வழியே நுழைத்து இழுக்கும் முறையும் உண்டு. அதை 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் செய்யாதீர்கள். நுழைக்கும்போது மேல், வலம், கீழ், இடம் என்று நாலு திசையிலும் மாற்றி நுழைக்க வேண்டும். ஒரே திசையிலோ இரண்டு திசையில் மட்டுமோ நுழைத்தால் வேரில் பொத்தான் ஓட்டைபோல ஒரு துளை விழும், அந்த இடத்தில்தான் பின்னாளில் சடை அறும்.

இறுக்குவதில் ஆசைப்படாதீர்கள். அடிக்கடி முறுக்கியும் இழுத்துக் கட்டியும் வந்தால் நெற்றியோரத்திலும் பொட்டுப் பக்கத்திலும் சிறு சிறு கொப்புளம் எழும், முடி குட்டை குட்டையாக ஒடியும், வகிடு அகலும். இழுவையால் வரும் முடி உதிர்வு இது. ஆரம்பத்தில் தளர்த்திவிட்டால் முடி திரும்ப முளைக்கும். மாதக்கணக்கில் நீண்டால் முடிக்குழி தழும்பாகிவிடும், பிறகு முளைக்காது. இறுக்கியபின் கண்ணிமை மேலே இழுபடுவதுபோலத் தோன்றினால் அப்போதே தளர்த்துங்கள்.

மூன்றாம் மாதத்திலிருந்து எட்டாம் மாதம்வரை சடை புடைக்கும், வளையும், நடுவில் கண்ணி கண்ணியாக வெளியே நீட்டும். பலர் மனம் தளர்ந்து வெட்டுவது இந்தக் கட்டத்தில்தான். நீட்டும் கண்ணியை 0.6 அல்லது 0.75 மி.மீ. குரோஷே ஊசியால் உள்ளே இழுத்துவிடலாம், விட்டுவிட்டாலும் அதுவே உள்ளே போகும். நேர்முடியில் சடை முழுதாக இறுக ஒன்றிலிருந்து இரண்டு ஆண்டு ஆகும்.

மண்டைத்தோல் தொல்லைகள்

முதல் சில வாரத்து அரிப்பு பெரும்பாலும் இழுவையாலும் மிச்ச ஷாம்புவாலும் வருவது. தளர்த்தி, நன்றாக அலசினால் போகும்.

மஞ்சள் கலந்த, பிசுபிசுப்பான செதிலும் அரிப்பும் இருந்தால் அது பொடுகு. கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்புவை வாரம் இருமுறை, 2 முதல் 4 வாரம் போடுங்கள். முன்சொன்ன கூர்மூக்குப் பாட்டிலால் தோலில் பீய்ச்சி, 3 முதல் 5 நிமிடம் ஊறவிட்டு அலச வேண்டும். போட்டவுடன் கழுவிவிட்டு மருந்து கேட்கவில்லை என்பவர்களே அதிகம். அடங்கியபின் இரு வாரத்துக்கு ஒருமுறை போட்டுவந்தால் திரும்ப வருவது குறையும்.

பேன் வந்தால் சீப்பு உதவாது. பெர்மெத்ரின் 1 சதவீத லோஷனைக் கழுவிய ஈரத் தலையில், வேரோரம் முழுதும் படும்படி தடவி 10 நிமிடம் விட்டுக் கழுவுங்கள். ஈறு பொரியும் கணக்குப் பார்த்து 7 முதல் 10 நாளில் மறுபடி ஒருமுறை. கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளுக்குப் போடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் போடக்கூடாது. வீட்டில் மற்றவர்கள் தலையையும் அன்றே பாருங்கள், தலையணை உறையை வெந்நீரில் துவையுங்கள். இரண்டு சுற்றுக்குப் பிறகும் பேன் ஊர்ந்தால் மருத்துவரிடம் போங்கள்.

காசு அளவில் வழுக்கை, சீழ், பிடரியில் நெறிகட்டுதல், முடியோரத்தைத் தாண்டி நெற்றிக்கும் பரவும் தடித்த வெள்ளிநிறச் செதில், இவற்றில் எதற்கும் வீட்டு வைத்தியம் வேண்டாம். தோல் மருத்துவரிடம் போகும்போது களிம்பாகத் தராமல் லோஷனாகவோ நீர்மமாகவோ மருந்து தரமுடியுமா என்று கேளுங்கள். களிம்பு சடையில் ஒட்டிக்கொண்டு தோலுக்குப் போய்ச்சேராது.

ஹெல்மெட்டும் தலையணையும்

கொண்டைமேல் ஹெல்மெட் மாட்டாதீர்கள். மண்டையில் சரியாக உட்காராத ஹெல்மெட் விபத்தில் காப்பாற்றாது. சடையைப் பிடரியில் தாழ்வாகக் கட்டி, உள்ளே மெல்லிய பருத்தித் துணி ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். அதைத் தினமும் மாற்ற வேண்டும். ஈரச் சடையோடு வண்டி எடுக்க வேண்டாம். தலையணைக்குச் சாட்டின் உறை போட்டால் பிசிறும் ஒட்டாது, வேரும் உரசி அறாது. கடலில் குளிப்பது சடைக்குப் பிடிக்கும், உப்பு முடியைச் சொரசொரப்பாக்கும். ஆனால் அன்றே நல்ல தண்ணீரில் மணல் போக அலசிவிட வேண்டும்.

பிரிக்க நினைத்தால்

சடை வேண்டாம் என்றால் மொட்டைதான் வழி என்பதில்லை. சடையை நனைத்து, கண்டிஷனரை நுனியில் தாராளமாகத் தடவி, கால்மணி ஊறவிட்டு, கம்பிவால் சீப்பின் வாலால் நுனியிலிருந்து ஒரு செ.மீ. ஒரு செ.மீ. ஆகப் பிரித்துக்கொண்டே மேலே ஏறுங்கள். ஒரு சடைக்கு அரைமணி முதல் ஒருமணி நேரம் ஆகும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து சில நாள் செய்யும் வேலை. இறுதியில் பந்து பந்தாக முடி கையோடு வரும். எல்லோருக்கும் நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்கிறது, சடையில் அது கீழே விழாமல் உள்ளேயே தங்கிவிடும். 50 என்று குறைவாக வைத்துக்கொண்டாலும் இரண்டு ஆண்டில் 36,500 முடி. கையில் வருவது அதுதான். பிரித்து முடித்த அன்று ஷாம்பு போட்டு, முதல் நாள் பார்த்ததுபோலவே வகிடு வகிடாக மண்டைத்தோலைப் பாருங்கள். வேரோரம் நிற்கும் பழைய செதிலும் படிவும் இரண்டு மூன்று கழுவலில் போய்விடும்.